எஸ்பனை நான் கூப்பிட்டேன்

ரோல்ஃப், நீ பொய்யன்.

நானும் பொய்யன். இன்று ஒத்துக்கொள்கிறேன். அன்று நான் சறுக்கவில்லை! எஸ்பனைக் கூப்பிட்டு, திரும்பவைத்து, இடித்தேன்.

வாசிக்கிற உங்களுக்கு இவர்களைத் தெரியாது. ரோல்ஃப் எங்கள் ஒஸ்லோ ஐஸ் ஹொக்கி அணியின் பயிற்சியாளன். எஸ்பன் புருசெத் குடியிருப்பில் எங்களுக்குக் கீழ்வீட்டு நோர்வேப் பையன். நான்... கோல் அடிக்கத் தெரியாதவன். இடிக்கத் தெரிந்தவன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என்ன வேலை அது! ஓரப் பலகையோடு ஒருவனைச் சேர்த்து நசுக்கினால் அரங்கமே அதிரும். என் முன்பற்கள் போயின. மூக்கு கோணியது. சிரித்துக்கொண்டே அடுத்தவனைத் தேடிப் போனேன். என்னைப்போன்ற கடைசி வரிசைக்காரனுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அதற்குள் எதிரணி பயப்பட வேண்டும். அப்பா எப்போதும் களத்து மூலையில் தடுப்புக் கண்ணாடியை ஒட்டி நின்று, "குடுடா! குடு!" என்று கத்துவார். பக்கத்து நோர்வேக்காரர்களும் அர்த்தம் தெரியாமல் "குடுடா!" என்பார்கள்.

எஸ்பனும் நானும் ஒரே அணியில் விளையாடிய காலத்தில், களத்தில் தமிழில்தான் கத்துவோம். "பின்னாலை!" என்றால் முதுகுக்குப் பின்னால் ஆள் வருகிறான். "இஞ்சை!" என்றால் என்னைப் பார், பக்கை, அந்த ரப்பர் வில்லையை, என்னிடம் தள்ளு. எதிரணிக்கு ஒரு மண்ணும் விளங்காது. என் அம்மாவின் இடியப்பத்தைத் தின்றுகொண்டே அவன் கற்ற தமிழ் அது!

இரண்டாயிரங்களின் நடுவில் அவன் வேறு அணிக்குப் போனான். எங்களோடு மோத வந்த அன்று, உடைமாற்றும் அறையில் ரோல்ஃப் என் பக்கத்தில் வந்து குந்தி, நோர்வே மொழியில் கேட்டான்.

"உன்ரை பாஷையிலை கூப்பிட்டா இப்பவும் திரும்புவானோ?"

"திரும்புவான்."

"அப்ப கூப்பிடு. ஏலாட்டிச் சொல்லு, உன்ரை இடத்துக்கு ஆள் இருக்கு."

ஆட்டத்தின் நடுவில் ரோல்ஃப் என் தோளைத் தட்டினான். பலகையைத் தாண்டிக் குதித்தேன். எஸ்பன் அப்பா நின்ற மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு பக்கைத் தோண்டினான். முழு வேகத்தில் போனேன்.

"இஞ்சை!"

திரும்பினான். முகத்தில் சிரிப்பு! என் சட்டை எந்த அணியினுடையது என்று பார்க்கக்கூட இல்லை... நான் விலகியிருக்கலாம். விலக முடியாமலா போனேன்? இல்லை! அவன் தலைக்கவசம் பறந்தது. அரங்கம் துள்ளியது. ஒரு கணம் எனக்கு இனித்தது. ஆம், இனித்தது!

அவன் அதன்பின் விளையாடவே இல்லை. வெளிச்சம் பட்டால் தலை பிளக்கிறது. ட்வெய்ட்டா கடைத்தொகுதிக்குள் போனால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான்.

ஹொக்கிச் சங்க விசாரணையில் நான் "சறுக்கிவிட்டது" என்றேன். "விபத்து, நான் இவனிடம் ஒன்றும் சொல்லவில்லை" என்றான் ரோல்ஃப்.

ஆனால் நான் சொல்ல வந்த குற்றம் அதுவல்ல. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து எஸ்பன் சொன்னான்:

"நீ இஞ்சை எண்டு கத்தினது எனக்குக் கேட்டதடா."

"இல்லையடா. தலையிலை அடிபட்டதாலை உனக்கு அப்பிடிக் கிடக்கு."

நம்பிவிட்டான்! அன்றிலிருந்து தன் மூளையை அவன் நம்புவதில்லை. அடுப்பை அணைத்தேனா, நேற்று யார் வந்தது... எல்லாவற்றையும் மனைவியிடம் கேட்டுச் சரிபார்க்கிறான். அவன் விளையாட்டை இடித்துப் பறித்தேன். மிச்சத்தை ஒரு வாக்கியத்தால் பறித்தேன்.

அப்பாவுக்குத் தெரியும். எங்கள் இருவரையும் தவிர அந்த மூலையில் தமிழ் விளங்கிய காது அவருடையது மட்டும்தான். வீடு திரும்பும் ரயிலில் ஒன்றுதான் கேட்டார்: "ஏன் அவனைக் கூப்பிட்டனீ?" அதன்பின் ஆட்டம் பார்க்க வரவில்லை.

எஸ்பன், உனக்குக் கேட்டது சரி. நான் கத்தினேன். இதைச் சொன்னதால் என் நெஞ்சு லேசாகவில்லை, ஆகவும் கூடாது.

ரோல்ஃப்! சனிக்கிழமை பழைய ஆட்டக்காரர் விருந்தில் ஒலிவாங்கி உன் கையில் இருக்கும். எஸ்பன் முன்வரிசையில் இருப்பான். நான் எழும்பி நின்று என் பங்கைச் சொல்வேன். பிறகு நீ, அவன் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கச் சொல்: கூப்பிடச் சொன்னது யார்?