ஸ்டெத்துக்குள் கேட்ட சத்தம்

சர்ஜிகல் கடையில் வேலை பார்க்கிறவர்களை, நோய் நொடி இல்லாவிட்டாலும் யாராவது பரிசோதித்துக்கொண்டே இருப்பார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற உங்களுக்கெல்லாம் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தவர் நெஞ்சு

எங்கள் கடை கொடைக்கானல் பஜாரில், மாடியில் இருக்கிறது. மதுரை, தேனிப் பக்கம் டாக்டருக்குப் படிக்கிற மலைப் பிள்ளைகள், வார்டுக்குப் போகிற வருஷம் வந்ததும் லீவில் வந்து ஸ்டெத், டார்ச், முட்டியைத் தட்டுகிற சுத்தியல் எல்லாம் எங்களிடம் வாங்குவார்கள். ஸ்டெத்தை மட்டும் கேட்டுப் பார்க்காமல் எடுக்க மாட்டார்கள்.

பையன்கள் முதலாளி நெஞ்சில் வைப்பார்கள், பெண்பிள்ளைகள் என் நெஞ்சில். நான் ஸ்வெட்டர் பொத்தானைக் கழற்றிவிட்டு, இந்தப் பிள்ளை நல்ல டாக்டராக வரட்டும் என்று மனசுக்குள் ஜெபித்தபடி நிற்பேன். யாராவது தன் நெஞ்சிலேயே வைக்கப் போனால் முதலாளி விடமாட்டார்: "நாளைக்கு அடுத்தவுக நெஞ்சைத்தான கேக்கப் போறீக?"

உஸ்

போன மழைக்காலத்தில் ஒரு நாள், மத்தியானமே மேகம் கடைக்குள் வந்து நின்றது. பெரும்பாறை கிராமத்துப் பெண் ஒருத்தி என் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தாள். சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது. இடம் மாற்றி வைத்தாள். குழாயை உருவிப் பார்த்தாள். பிறகு கவுண்டரில் மெதுவாக வைத்துவிட்டு, கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, லப்டப்புக்கு நடுவுல யாரோ உஸ்ஸுன்னு ஊதுற மாதிரி கேக்குது, இது எனக்கு வேண்டாம்."

புதுப் பெட்டி

முதலாளி வேறு பெட்டி பிரித்தார். அடுத்து வந்த பெண்களுக்கும் அதே உஸ். அதே ஸ்டெத்தைப் பையன்கள் அவர் நெஞ்சில் வைத்துப் பார்த்து, நல்லாயிருக்கு என்று வாங்கிப் போனார்கள்.

கடையில் தனியாக இருக்கும்போது, கொக்கியில் தொங்குகிற குழாய்களுக்கு முதுகைக் காட்டாமலே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் துணிந்து ஒன்றைக் காதில் மாட்டி மேஜைமேல் வைத்தேன். சத்தமே இல்லை. என் நெஞ்சில் வைத்தேன். லப், உஸ், டப். மரத்திடம் வாய் திறக்காதது மனுஷரிடம்தான் பேசுகிறது என்று நினைத்து, சிலுவை போட்டுக் கழற்றினேன்.

அன்றிலிருந்து கடை திறந்ததும் ஒவ்வொரு பெட்டிமேலும் கை வைத்து ஜெபித்தேன். கேலி பேசுகிற முதலாளி அதற்குச் சிரிக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைகளுக்கு மட்டும் கேக்குற பேயா இருக்கு, ஸ்டெல்லாம்மா. நல்லா ஜெபம் பண்ணுங்க, யாவாரம் படுத்துக் கெடக்கு."

தொலைந்த ஸ்டெத்துக்குப் பதில்

போன மாதம் வந்தவள் வார்டில் நோயாளிகளைப் பார்த்துப் பழகியவள். பழைய ஸ்டெத்தைத் தொலைத்துவிட்டு வேறு வாங்க வந்திருந்தாள். என் நெஞ்சில் வைத்தாள். ஜெபத்தை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன்.

அவள் பதறவில்லை. முதலாளியை உட்காரச் சொல்லி அவர் நெஞ்சில் வைத்தாள். திரும்ப என்னிடம் வந்து வெகுநேரம் கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே தெருவே இல்லாததுபோல் மேகம் மூடியிருந்தது. ஸ்டெத்தைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்டெத் நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. இந்த மாடிப்படி ஏறுறப்ப உங்களுக்கு மூச்சு வாங்குதா?"

இருதய வால்வில் பழுதாம், ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள்; கடையிலிருக்கிற அத்தனை பெட்டிமேலும் கை வைத்துப் பேய் ஓட்டிய நான், என் நெஞ்சின்மேல் மட்டும் கை வைக்கவே இல்லை.