உள்ளங்காலில் விழும் பாரம்

நிலவறைப் படியில் உடுப்புக்கூடையோடு என் மனைவி சறுக்கி விழுந்தபோது, முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புவடம் அறுபடவில்லை, நசுங்கிக் கன்றிப்போயிருந்தது. "முழுச் சேதம் இல்லை" என்றார் அறுவைச் சிகிச்சை செய்தவர். அலுவலக மொழியில் சொன்னால், கோப்பு நிராகரிக்கப்படவில்லை, நிலுவையில் இருக்கிறது. தொட்டால் கால் மங்கலாக உணர்ந்தது. பெருவிரல் ஒருமுறை அசைந்தது. ஆனால் எழுந்து நிற்கத்தான் முடியவில்லை.

புனர்வாழ்வு மருத்துவமனைக்கு மாற்றிய வாரமே சமூகசேவை அலுவலர் என்னைக் கூப்பிட்டார். அவளை எங்கே அனுப்புவதென்று தீர்மானிக்க ஆறு வாரத்தில் கூட்டம் ஒன்று கூடும். அன்றைக்கு வோக்கர் என்ற நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பத்துக் காலடி வைத்தால் வீடு. இல்லையென்றால் பராமரிப்பு இல்லம். எங்கள் மல்வேர்ன் வீட்டு வாசலுக்குச் சாய்தளம் போட நான் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தேன். கீழ்த்தளக் கழிவறைக் கதவுக்குள்தான் சக்கர நாற்காலி நுழையாது; அங்கே நடந்துதான் போகவேண்டும். அதையும் அளந்து பார்த்திருந்தேன்.

"நான் ஒரு இல்லத்துக்கும் போகமாட்டன்," என்றாள் மனைவி. "நீங்கள் ஃபோம் நிரப்பிறதில கெட்டிக்காரன்தானே. இதுக்கும் ஒண்டு இருந்தால் நிரப்புங்கோ."

அதற்குப் படிவம் இல்லை. மாகாண அலுவலகமொன்றில் மற்றவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலித்தே ஓய்வுபெற்றவன் நான். இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ஆகவே அட்டவணை போட்டேன். சிகிச்சையாளர் நாளுக்கு ஒரு மணிநேரந்தான் வருவார்; மிச்ச நேரம் வீணாவதற்கு என் மனம் ஒப்பவில்லை. பொறுப்புத் தாதியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பக்கத்து நகரங்களான பிக்கரிங்கிலிருந்து என் தம்பி, விட்பியிலிருந்து அவளுடைய தங்கை என்று இரண்டிரண்டு பேராக முறை வைத்து அவளை நடத்தத் தொடங்கினோம்.

நோயாளி ஒருவரை நம் சனத்திடம் ஒப்படைத்தால் அவர் விரலைக்கூட அசைக்க விடமாட்டார்கள். ஆளுக்கொரு கமக்கட்டில் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

"பயப்பிடாதை அக்கா, நாங்கள் பிடிச்சிருக்கிறம்."

"பாரத்தை எங்களில போடுங்கோ அண்ணி. நாங்கள் என்னத்துக்கு இருக்கிறம்?"

திருவிழாவில் சாமியைத் தோளில் தூக்கி வீதி சுற்றுவதுபோல அவள் நடைகூடத்தைச் சுற்றிவந்தாள். குறிப்புப் புத்தகத்தோடு பின்னால் போன நான் தூரத்தை எழுதிக்கொண்டேன். தூரம் நாளுக்கு நாள் கூடியது. மூன்றாம் வாரம் அந்தப் புத்தகத்தைச் சிகிச்சையாளரிடம் பெருமையோடு நீட்டினேன். அவர் நாங்கள் குடியேறிய இந்த நாட்டிலேயே பிறந்த தமிழ்ப் பெண். புத்தகத்தைப் புரட்டிவிட்டு உள்ளே போய், குளியலறைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து தரையில் வைத்தார்.

"வழமையா பிடிக்கிற மாதிரியே பிடிச்சு, அன்ரியை இதில நிப்பாட்டுங்கோ."

தம்பியும் தங்கையும் பிடித்தார்கள். தராசின் முள் ஒரு குழந்தையின் எடைக்குக்கூட வரவில்லை.

"சோ, மூண்டு கிழமையும் நடந்தது நீங்கள் ரெண்டு பேரும்தான்," என்றார் அந்தப் பெண்.

மனைவி என்னைப் பார்த்தாள். "எழுதுங்கோவன் அதையும்."

எனக்குக் கோபத்தைவிட ஆர்வம்தான் மிஞ்சியது. பாரம் கால் வழியாகப் போனால் என்ன, கை வழியாகப் போனால் என்ன என்று கேட்டேன்.

"மூளை ஒவ்வொரு காலையும் தூக்கு, வை எண்டு ஓடர் போடிறேல்லை அங்கிள். 'நட' எண்டு மட்டும் சொல்லும். எந்தத் தசை எப்ப இறுகோணும், கால் எப்ப மாறோணும் எண்ட தாளம் நரம்புவடத்துக்குள்ளையே இருக்கு. அதுக்கு உள்ளங்காலிலயிருந்து செய்தி வரோணும். பாரமே விழாட்டி, தான் நடக்கிறன் எண்டே அதுக்குத் தெரியாது."

வாழ்நாள் முழுக்கத் தலைமை அலுவலகத்தில் இருந்தவனுக்கு இது சற்று அவமானமான செய்தி. மேலிடம் கோப்பில் ஒற்றைச் சொல் எழுதுகிறது; வேலை முழுவதையும் கிளை அலுவலகம் பார்த்துக்கொள்கிறது. அன்று நடைகூடத்தில் என் கால்களைக் கவனித்தபடி நடந்து பார்த்தேன். உடல் முன்னே போக, கால் இடுப்புக்குப் பின்னால் நீண்டு, ஒரு கட்டத்தில் தானே கிளம்பி முன்னுக்கு வருகிறது. அந்தக் கட்டத்தைப் பிடித்துவிடலாமென்று உற்றுப் பார்த்தபோது தடுக்கி, துணி வண்டியில் மோதினேன். மேலிடம் தலையிட்டால் இதுதான் நடக்கும்.

மறுநாளிலிருந்து அவளுக்கு மேலிருந்து தொங்கும் வார் கட்டி, ட்ரெட்மில் என்ற நகரும் பட்டையின் மேல் நிறுத்தினார்கள். வார் பாரத்தில் ஒரு பங்கை மட்டும் ஏற்றது. நாளாக ஆக அந்தப் பங்கையும் குறைத்தார்கள். கன்றிய இடத்தில் தப்பிய சில நரம்பிழைகள் பயிற்சியால் வலுப்பெறலாம், புதிய கிளைகளும் விடலாம் என்றார் சிகிச்சையாளர். எவ்வளவு என்று கேட்டேன். "தெரியாது அங்கிள்," என்றார். அரசு அலுவலகத்தில் அந்தப் பதிலை ஒருவரும் இவ்வளவு நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை.

உறவினருக்குத் தொடத் தடை விதித்தேன். "தொட்டால் தீட்டோ?" என்று தம்பி முறைத்தான். பிறகு பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல்கூழ் கொண்டுவந்து ஆறுதலடைந்தான்.

ஐந்தாம் வாரம் வலது கால் பட்டையோடு பின்னால் இழுபட்டுப்போய், தானாக முன்னுக்கு வந்தது. "நான் ஒண்டும் செய்யேல்லை," என்றாள் மனைவி, திருட்டில் அகப்பட்டவள்போல.

கூட்டத்தன்று என்னை ஒரு கதிரையில் இருத்தி, எழும்பக் கூடாது என்றார்கள். அவள் வோக்கரைப் பிடித்து எழுந்தாள். முழங்கால்கள் நடுங்கின. நான்காவது காலடியில் இடது பாதம் தரையை உரசி நின்றது. என் கைகள் தாமாக நீண்டன. "இருங்கோ!" என்று மனைவியும் சிகிச்சையாளரும் ஒரே நேரத்தில் அதட்டினார்கள். அவள் இடது காலில் பாரத்தை இறக்கினாள். கால் கிளம்பியது. எட்டு, ஒன்பது, பத்து. சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் இன்னும் இரண்டு வைத்து, சுவரடியில் போய் நின்றாள்.

சமூகசேவை அலுவலர் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் புள்ளடி போட்டார்.

"வீடோ?" என்று மனைவி சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஓம், வீடுதான்," என்றேன் கதிரையில் இருந்தபடியே.

"அப்ப ஆராவது வந்து என்னைத் திருப்பி விடுங்கோ. திரும்பிறதை இன்னும் எனக்குப் பழக்கேல்லை."