செக்கிங் மேடம் கடைந்த மூன்று பேனாக்கள்

செய்தி வந்தபோது லேத் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் முதல் இரண்டு அழைப்புகள் என் காதில் விழவில்லை. மூன்றாவது முறை எடுத்தேன். கம்பெனியில் கூட வேலை பார்த்த, என்னிடம் எப்போதும் தமிழிலேயே பேசுகிற மஞ்சுநாத் அன்று கன்னடத்தில் சொன்னான்: "மேடம் ஹோக்பிட்ரு, ஏழுமலை." எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. பெங்களூரு பீன்யாவில் எங்கள் கம்பெனியில் வேலை பார்த்த யாருக்கும் மேடம் என்றால் ஒருவர்தான். செக்கிங் செக்‌ஷன் கமலவேணி மேடம் போய்விட்டார். காலையில் காபி குடித்துவிட்டு நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி நம் பழைய ஆட்கள் கேட்டார்கள். நாலு வார்த்தை என்ன, நாலு பக்கமே எழுதலாம். ஆனால் நான் எழுத வேண்டியது ஒரு விஷயம்தான். அதில் அவரைப் பற்றிய நல்லதோடு என்னைப் பற்றிய கெட்டதும் சேர்ந்தே வரும். பொறுமையாகப் படியுங்கள்.

அவர் மேஜையில் கடைந்த பீஸைக் கொண்டுபோய் வைத்தவர்களுக்கு அவரைத் தெரியும். கையில் அளவு பார்க்கிற மைக்ரோமீட்டரை எடுத்துவிட்டால் எந்தச் சிபாரிசும் செல்லாது. நான் டர்னர், லேத்தில் இரும்பு கடைகிறவன். வாயும் கொஞ்சம் நீளம். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க மேடம், மயிரிழைதானே?" என்பேன். "அந்த மயிரிழைக்குத்தான் ஏழுமலை எனக்குச் சம்பளம்" என்பார். ஆனால் ஒன்று. ரிஜெக்ட் என்று எழுதுவதற்கு முன்னால் ஆளைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவார். முதுகுக்குப் பின்னால் யாரையும் தள்ளியதில்லை.

ஒருமுறை நான் கடைந்த நாற்பது ஷாஃப்டுகளையும் மொத்தமாகத் தள்ளிவிட்டார். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை, கோபம். மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்கியதுமே என் மெஷினைத் தேடி நடந்து வந்தார். சுற்றி எல்லாரும் நின்றிருந்தார்கள். "ஏழுமலை, தப்பு உங்களுது இல்ல, என்னுது. என் மைக்ரோமீட்டர் ஜீரோவுல நிக்கல, நான் பார்க்காம விட்டுட்டேன். நேத்து எல்லார் முன்னாடியும் சொன்னேன், அதனால இன்னைக்கும் எல்லார் முன்னாடியும் சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் வேலையைப் பார்த்தார். நான் என்னவோ அதைப் பெரிய வெற்றியாக நினைத்துக்கொண்டு பல வருஷம் சொல்லிக்காட்டிக்கொண்டு திரிந்தேன்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜோகுபாளையத்தில் என் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மேடம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு இறங்கினார். உள்ளே மேஜைமேல் வைக்கிற மாதிரி ஒரு சின்ன லேத், மரம் கடைவதற்கானது. அல்சூரில் அவர் வீடு இரண்டாவது மாடி. கீழ்வீட்டுக்காரர் மிக்ஸி சத்தத்துக்கே படியேறி வருகிறவர். அதனால் என் மாடி ஷெட்டில் இடம் கேட்டார். எதற்கு என்றால், மரத்தில் பேனா செய்யப் போகிறாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "முப்பது வருஷமா மத்தவங்க செஞ்சத அளந்து பார்த்தேன். இப்ப நான் ஒண்ணு செய்யறேன். நீங்க அளந்து சொல்லுங்க" என்றார்.

எனக்கு இரும்பு தெரியும், மரம் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது. வேலை இதுதான்: விரல் நீள மரத்துண்டில் நெடுக்காகத் துளை போட்டு, உள்ளே பித்தளைக் குழாயை ஒட்ட வேண்டும். அதை மெல்லிய இரும்புக் கம்பியில் கோத்து, முனையில் ஒரு நட்டைத் திருகி லேத்தில் பொருத்த வேண்டும். மரம் சுழலும்போது உளியைக் கையாலேயே பிடித்துச் சீவிச் சீவிப் பேனா உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடைசியில் உலோக மூக்கை அழுத்திப் பொருத்தி, ரீஃபில் போட்டால் பேனா.

மேடம் சேலைமேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டு, முந்தானையை உள்ளே சொருகி, சட்டைக் கையை முழங்கைவரை இறுக்கி மடித்துக்கொண்டு நிற்பார். மரக்கடையில் கழித்துப்போட்ட பலாத் துண்டுகளை எங்கிருந்தோ பை நிறைய வாங்கி வந்திருந்தார். முதல் இரண்டு துண்டுகள் உளி பட்டதுமே வெடித்துத் தெறித்தன. பயந்துவிடுவார் என்று பார்த்தால், தலையெல்லாம் மரச்சுருளோடு குழந்தை மாதிரிச் சிரித்தார். "ஏழுமலை, நானே என்னை ரிஜெக்ட் பண்ணிட்டேன்!" அவர் அப்படிச் சிரித்து நான் கம்பெனியில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நட்டை அவர் விரலால்தான் திருகுவார். லேத்தோடு வந்த செய்முறைத் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றார். இரும்பு வேலைக்காரனுக்கு அது பொறுக்குமா? "இப்படிப் பிடிச்சா பீஸ் பறந்துடும் மேடம்" என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் இடுக்கியால் இன்னொரு அரைச்சுற்று இறுக்கி வைத்தேன்.

ஒரு மாதத்தில் மூன்று பேனாக்கள் முடிந்தன. ஒரு வெள்ளைத் துணியை விரித்து, மூன்றையும் என் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். முப்பது வருஷம் நான் நின்ற இடத்தில் அன்று அவர் நின்றார். நான் நகத்தால் தடவிப் பார்த்தேன். மரமும் உலோகமும் சேருமிடத்தில் ஒரு பக்கம் மரம் பருத்திருந்தது, எதிர்ப்பக்கம் இளைத்திருந்தது. மூன்றிலும் அதேதான்.

"ரிஜெக்ட், மேடம்."

"காரணம் சொல்லுங்க."

"கை நடுங்குது. வயசாயிடுச்சி இல்ல?"

அவர் வலது கையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அதோடும் நிற்கவில்லை. அன்று மாலையே நம் வாட்ஸப் குழுவில், 'செக்கிங் மேடம் கை நடுங்குது, மூணு பீஸும் ரிஜெக்ட்' என்று எழுதிப் போட்டேன். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். அவரும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

மெஷின் சும்மா கிடக்கிறதே என்று சில வாரம் கழித்து நானே ஒரு துண்டைப் போட்டு, வழக்கம்போல இடுக்கியால் இறுக்கிக் கடைந்தேன். என் பேனாவிலும் ஒரு பக்கம் பருத்திருந்தது. என் கை நடுங்காது என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் அந்தத் தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். நட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் மெல்லிய கம்பி வில்லாக வளையும், மரம் மையம் விட்டுச் சுழலும் என்று எழுதியிருந்தது. விரலால் மட்டும் திருகி இன்னொன்று கடைந்தேன். கச்சிதமாக வந்தது. பீஸ் மையம் விலகியிருந்தால் தப்பு அதை மெஷினில் பிடித்த விதத்தில்தான், வெட்டிய கையில் இல்லை என்பது ஒரு டர்னருக்கு முதல் வருஷமே தெரிகிற பாடம். என் பீஸைத் தள்ளியவரின் பீஸைத் தள்ளுகிற சந்தோஷத்தில் எனக்கு அது மறந்துபோயிருந்தது.

உடனே சொல்லியிருக்கலாம். ஜோகுபாளையத்திலிருந்து அல்சூருக்கு நடந்தே போய்விடலாம். போனைக் கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். நேரில் பார்க்கவும் செய்தேன், ஒரு கல்யாண வீட்டில். "லேத் நல்லா ஓடுதா ஏழுமலை?" என்று கேட்டார். "ஓடுது மேடம்" என்றேன். பரிமாறுகிற பையன் காபி கொடுத்தான். மேடம் டம்ளரை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து வாங்கினார். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. என் சந்தோஷத்தை ஊருக்குச் சொல்ல ஒரு நாள் போதுமாயிருந்தது, என் தப்பை ஒப்புக்கொள்ள நாலு மாதம் போதவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, லேத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக்காரர் சேகர் சாரைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"டாக்டர்கிட்டகூடக் கூட்டிட்டுப் போனேன். கையில ஒண்ணும் இல்லம்மான்னு அவரே சொன்னாரு. இவ நம்பல. ஏழுமலை அளந்து சொன்னா தப்பா இருக்காதுன்னுட்டா" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இத என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நடுங்குதுன்னு யார்யார்கிட்ட சொன்னீங்களோ, அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கமலவேணி மேடத்தின் கை நடுங்கவில்லை. நட்டை இறுக்கியவன் நான். பழியை அவர்மேல் போட்டவனும் நான். தப்பு தெரிந்த பிறகு நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

லேத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்ட சேகர் சார், அந்த மூன்று பேனாக்களையும் என்னிடமே கொடுத்துவிட்டார். மேடம் கையால் செய்தது என்று என்னிடம் இருப்பது அவ்வளவுதான். சந்தேகம் உள்ளவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள், எடுத்துக் காட்டுகிறேன். சேருமிடத்தைப் பார்க்காதீர்கள், அது என் தப்பு. மேலிருந்து கீழ்வரை மரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மேடு இருக்காது, ஒரு பள்ளம் இருக்காது. நடுங்குகிற கையால் அப்படிக் கடைய முடியாது.