தோணி வைரமும் ஒரு வாரக் கனவும்

என் நாத்தனார் ஞானதீபத்துக்கு நாற்பது வயதில் ஒரு வைரத்தின் மேல் ஆசை வந்தது. சொன்னால் எங்கள் சபையில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். காதில் கடுகளவு கம்மல், இடது கையில் கடிகாரம், அவ்வளவுதான் அவள் போட்டு நான் பார்த்தது. தூத்துக்குடியில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தே என் கை சலித்துவிட்டது. அந்தக் கதைக்குள் நான் போகப் போவதில்லை.

நான் கிளாடிஸ், அவளுடைய தம்பி பெண்டாட்டி. நாசரேத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த நாள் முதல் அவளோடு ஒரே வீட்டில் இருந்தேன். மைனி என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க். பெயர் ஹென்றி. பெயருக்கு ஏற்ற துரைத்தனம் வீட்டுக்குள் மட்டும் உண்டு.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. என் மகள் கம்மலில் ஒரு முத்து கழன்று தொலைந்துவிட்டது. வேறு முத்து பதிக்க நானும் மைனியும் அய்யாக்குட்டி அண்ணாச்சி கடைக்குப் போனோம். முத்து வியாபாரிதான், ஆனால் கொழும்பிலிருந்து கல் வந்தாலும் வாங்கி விற்பார். ஜோடி முத்து தேடிக்கொண்டிருந்த மனுஷன், மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீலத் தாள் மடிப்பை எடுத்து, சும்மா ஒரு பெருமைக்காக எங்கள் முன்னால் பிரித்தார்.

நாங்கள் அதுவரை பார்த்த வைரமெல்லாம் வட்டம். இது இரண்டு முனையும் கூராக, நடுவில் வயிறு அகன்று, தோணியை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பெரிசு ஒன்றுமில்லை. ஒரு வெள்ளரி விதை அளவு இருக்கும்.

"இது என்ன அண்ணாச்சி, இப்படி ஒரு கல்லு?" என்றேன்.

"சீமையில இப்படியும் பட்டை தீட்டுதாங்கம்மா. நம்ம ஊர்ல எவன் வாங்குவான்? தோட்டுல பதிக்கலாம்னா ஜோடி கிடைக்காது. கிடக்கட்டும்னு வச்சிருக்கேன்."

மைனியைத் திரும்பிப் பார்த்தால், வாயை லேசாகத் திறந்தபடி நிற்கிறாள். வகுப்பே கணக்கில் நூறு வாங்கினால்கூட அவள் முகம் அப்படி ஆகாது. எங்கேயோ போய்விட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தவள் மாதிரி, "அண்ணாச்சி, இதை நான் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

பார்ப்பதென்றால் சும்மா பார்ப்பதில்லை. கல்லை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோகப் போனவளை அய்யாக்குட்டி அண்ணாச்சி தடுத்துவிட்டார். "வெயில்ல கண்ணாடிச் சில்லும் மின்னும் டீச்சரம்மா. நெழல்ல வச்சுப் பாருங்க. அங்கனயும் மின்னுச்சுன்னா அதுதான் கல்லு."

வடக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தோம். மைனி ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, அதில் பென்சிலால் நேர்கோடு போட்டு, கல்லைக் கோட்டின் மேல் வைத்தாள். கணக்கு டீச்சர் அல்லவா! இரண்டு முனையும் கோட்டில் ஒழுங்காக நின்றன. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமா என்று குனிந்து பார்த்துவிட்டு, ஒரு பக்கம் மயிரிழை கூடுதல் என்றாள். அண்ணாச்சியும் ஒத்துக்கொண்டார். பிறகு பக்கத்துக் கடையில் ஒரு பிடி உப்பு வாங்கி வந்து அதன் மேல் வைத்தோம். எங்கள் ஊர் உப்பின் வெள்ளைக்கு முன்னால் எந்தக் கல்லின் மஞ்சளும் ஒளிய முடியாது. முனைகளில் மட்டும் துளி மஞ்சள் தெரிந்தது. நடுவில்தான் ஒரு சங்கதி. அகன்ற இடத்தில், குறுக்கே, பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி கறுப்பாக ஒரு நிழல்.

"ஐயையோ, தோஷமா?" என்றேன்.

"நீளக் கல்லு எல்லாத்துலயும் இது இருக்கும்மா. லேசா ஆட்டிப் பாருங்க. நெழலு அசைஞ்சு வெளிச்சத்துக்கு வழி விட்டா ஒண்ணுமில்ல. அப்படியே அடைஞ்சு கிடந்தா அது செத்த கல்லு."

மைனி ஆட்டினாள். நிழல் நகர்ந்தது, அந்த இடத்துக்குள் ஒளி வந்து நிறைந்தது, மறுபடி நிழல் வந்தது. அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள். தெருவில் வண்டிச் சத்தம், துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற சத்தம், எதுவும் அவள் காதில் விழவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்ச நேரம் விழவில்லை.

"எனக்கு இது வேணும்," என்றாள்.

மகளுக்கு வேண்டும், மருமகளுக்கு வேண்டும் என்று கேட்கிற பொம்பளைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வேணும் என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

அய்யாக்குட்டி அண்ணாச்சி அவசரப்படவில்லை. "வைரத்தை அப்படி எடுத்த எடுப்புல வாங்கிரக் கூடாது டீச்சரம்மா. கொண்டு போங்க. ஒரு வாரம் தலமாட்டுல வச்சுத் தூங்குங்க. வீட்ல யாருக்காவது கெட்ட கனவு வந்துச்சுன்னா நானே கல்லைத் திருப்பி எடுத்துக்கிடுவேன். நல்ல கனவு வந்தாத்தான் அது உங்களுக்குன்னு வந்த கல்லு. கனவே வரலன்னாலும் குடுக்க மாட்டேன். சனிக்கிழமை நானே வாரேன்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் குதித்தார். "நாம வேதக்காரங்க! கனவாவது மண்ணாவது!" என்றார். சபைக் கமிட்டி மெம்பர் வேறு. ஆனால் சேராத வைரம் குடும்பத்தைக் கெடுக்கும் என்கிற பேச்சுக்கு அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கல்லை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து, அந்தப் புத்தகத்தை மைனியின் தலைமாட்டில் வைப்பது. அப்படி வைத்தால் சகுனம் பார்ப்பது ஆகாதாம், ஜெபத்தில் வைத்தது ஆகிவிடுமாம். அடேயப்பா, என்ன மூளை!

அதோடு விட்டாரா? "உனக்கு எதுக்குக்கா வைரம்? பிள்ளைக்கு வாங்குனாலும் ஒரு அர்த்தமிருக்கு," என்றார்.

"உன் பிள்ளைக்கு நீ வாங்கு," என்றாள் மைனி.

அக்கா அவரிடம் முடியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. முந்தின வருஷம் கொழும்பில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து அவளைத் தலைமை டீச்சராக வரச்சொல்லிக் கேட்டார்கள். "நீ போயிட்டா இது வீடா இருக்குமாக்கா?" என்று இவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவளும் போகவில்லை. அந்த வருஷமும் கேட்டிருந்தார்கள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

அந்த வாரம் எங்கள் வீடு அரைத் தூக்கத்திலேயே நடந்தது. மைனி சீக்கிரமே படுக்கப் போவாள். காலையில் நான் அடுப்பு மூட்டும்போது வந்து நிற்பாள். "ஏளா, ஒண்ணும் வரல," என்பாள். எனக்கு ஒரு கனவு வந்தது. கருவாட்டுக் கூடைக்குள் ஒரு பூனை சுகமாகப் படுத்துத் தூங்குகிறது. "இது நல்ல கனவா மைனி?" என்று கேட்டேன். "பூனைக்கு நல்ல கனவு," என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பால் பொங்கிப் போனது.

ஆனால் பகலில் அவள் இந்த உலகத்தில் இல்லை. சாக்பீஸைப் பிடித்தபடி கரும்பலகை முன்னால் அத்தை அப்படியே நின்றுவிட்டதாக, அவள் வகுப்பிலேயே படிக்கிற என் மகள் வந்து சொன்னாள். சாயங்காலம் கடற்கரைக்குப் போனால், அலை வந்து செருப்பை நனைப்பதுகூடத் தெரியாமல் நிற்பாள். தண்ணீர் வெளுத்து, வானமும் வெளுத்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாத நேரம். கூப்பிட்டால் மெதுவாகத் திரும்பி, என்னை அடையாளம் தெரியாதவள் மாதிரி ஒரு நொடி பார்ப்பாள். பகல் முழுக்கக் கனவில் நடக்கிறவளுக்கு ராத்திரியில் ஒரு கனவு வரமாட்டேன் என்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமை காலையும் வந்துவிட்டது. "வரல," என்றாள். முகம் செத்திருந்தது.

என் வீட்டுக்காரர் ஆப்பத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு வாயில் வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "யக்கா, கல்லைத் திருப்பிக் குடுத்துரு," என்றார். "நான் கெட்ட கனவு கண்டுட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்! "கனவாவது மண்ணாவதுன்னு சொன்னவுகதானே நீங்க? படுத்தா கட்டை மாதிரி கிடப்பீக, உங்களுக்குக் கனவு வேறயா?" என்று கத்தினேன். அப்புறம்தான் அவர் கண்ணைப் பார்த்தேன். மனுஷன் பொய் சொல்லவில்லை.

"கடக்கரையில நிக்கேன்," என்றார். "ஒரு தோணி கிளம்புது. நீ அதுல நிக்கே. கையில அந்தக் கல்லு மோதிரம். நான் யக்கா, யக்கான்னு கத்துதேன். நீ திரும்பவே இல்ல. கடலைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே போறே." சொல்லிவிட்டு ஆப்பத் தட்டைத் தள்ளி வைத்தார்.

அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அண்ணாச்சி சொன்ன சட்டம் சட்டம்தானே.

மைனி தம்பிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "திருப்பிச் சொல்லு," என்றாள்.

"எதைக்கா?"

"கனவைத்தான். மெதுவாச் சொல்லு."

அவர் மறுபடி சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "தண்ணி எப்படி இருந்துச்சு?"

"வெளுப்பா. எங்க பாத்தாலும் வெளிச்சமா கிடந்துச்சு."

"காத்து?"

"இருந்துச்சு. உன் சேலைத் தலைப்பு பறந்துச்சு."

"எனக்குப் பயமா இருந்துச்சாலே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லக்கா. உனக்குப் பயமே இல்ல. எனக்குத்தான்."

மைனி கண்ணைத் திறந்தாள். "ஏலே ஹென்றி, இது உனக்குத்தான் கெட்ட கனவு. எனக்கு நல்ல கனவுல்லா? ஒரு வாரமா இதுக்குத்தானே காத்துக் கிடந்தேன். எனக்கு வராம உனக்கு வந்துருக்கு."

"அப்போ போயிருவியாக்கா?"

"போவேனான்னு தெரியல. போகலாம்னு இப்பத்தான் தெரியுது."

ஆப்பம் எல்லாம் ஆறிப்போய்க் கிடந்தது. எனக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

மத்தியானம் அய்யாக்குட்டி அண்ணாச்சி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "என்ன, வீட்ல கனவு எப்படி?" என்று பொதுவாகக் கேட்டார். மைனி தம்பியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கெட்ட கனவு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணாச்சி கல்லை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

என் வீட்டுக்காரர் ஜெபப் புத்தகத்தைத் திறந்து, நீலத் தாள் மடிப்பை எடுத்து அக்கா கையில் வைத்தார்.

"நல்ல கனவுதான் அண்ணாச்சி," என்றார். "நான்தான் கண்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து கிணற்றுப் பக்கம் போய்விட்டார். அழத்தான் போனார். நான் பின்னால் போகவில்லை.