ஸ்டெல்லாவின் அளவில் ஒரு தாடை

அடுகோடி சிக்னலில் ஆட்டோ நின்றிருந்தபோது ஸ்டெல்லாவின் அண்ணன் கூப்பிட்டார். "கலா, தங்கச்சி போயிட்டாம்மா." "சரிங்கண்ணா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆய்வகத்தில் அவளோடு வேலை பார்த்த எல்லாரும் இப்படித்தான் திகைத்திருப்பார்கள்.

இழந்த எலும்பை மறுபடி வளர்க்க வழி தேடுவது எங்கள் வேலை. எலும்பின் இடைவெளியில் வைக்கும் நுண்துளைச் சட்டத்தை அவள் முப்பரிமாண அச்சில் எடுப்பாள். செல்கள் ஒன்றுக்கொன்று தூது அனுப்பும் எக்சோசோம் என்ற நுண்ணிய பொட்டலங்களைப் பிரித்தெடுத்து நான் அதில் ஏற்றுவேன். "சாரம் கட்டறது நான், கொத்தனாரைக் கூப்பிடறது நீ. கட்டடம் எழும்பலன்னா திட்டு உனக்குத்தான்" என்பாள். முயலின் காலெலும்பில் இடைவெளி மூடிக்கொண்ட எக்ஸ்ரே வந்த அன்று கேண்டீனில் எல்லாருக்கும் கேசரி பாத் வாங்கித் தந்தாள்.

அப்புறம் அவள் தாடையிலேயே புற்று வந்தது. பாக்குகூடப் போடாதவள்! கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். வேலைக்குத் திரும்பிய வாரமே, தன் ஸ்கேனை வைத்துத் தன் அளவுக்கே ஒரு சட்டத்தை அச்சிட்டு மேசைமேல் வைத்தாள். "சப்பாத்தி மென்னு தின்னணும், கலா. அவ்வளவுதான் ஆசை."

"எக்சோசோம் நான் தர்றேன். எத்தனை கமிட்டி இருந்தாலும் அனுமதி எழுதிக் கேட்போம்" என்றேன். வாயோரம் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "உன் பொட்டலத்துல 'வளரு'ன்னுதான் எழுதியிருக்கு. யாருக்குன்னு எழுதலையே. உள்ள மிச்சம் மீதி புற்று இருந்து, அதுவும் படிச்சுடுச்சுன்னா?" அவள் சொன்னது சரி. எனக்கே தெரியும். தெரிந்ததால்தான் ஆத்திரம் வந்தது, கத்தினேன். பேச்சு முற்றினால் அவள் கன்னடத்துக்குத் தாவிவிடுவாள். "ஹோக்லி பிடு" என்றாள், போகட்டும் விடு என்று. முழுக்கக் குணமாகிவிட்டதென்று டாக்டர் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். டாக்டர் சொல்லவே இல்லை. கட்டி திரும்பி வந்தது.

அடக்கத்தன்று அல்சூரில் அவள் வீட்டுக்கு அந்தச் சட்டத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல்தான். பெட்டியை மூடும் முன் அண்ணனே கேட்டார்: "அவ பண்ணினதுதானே, கூடவே வெச்சிடலாமாம்மா?" கன்னத்தோரம் வைத்தேன். எலும்பு வளர வளர, தான் கரைந்து இடம் விடும்படி அவள் செய்தது அது. மண்ணுக்குள்ளும் கரையும். அங்கே எதுவும் வளரப் போவதில்லை.

அவள் ஆய்வு பலரை வாழவைக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். எழுதட்டும். முயலைத் தாண்டி நாங்கள் இன்னும் போகவில்லை. எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது அவள் தாடையின் அளவு, கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாக. இன்னொருவருக்கு அது பொருந்தாது. அழிக்க மாட்டேன்.