வேண்டிய விடைக்கு வைத்த எல்லை

விடையைப் பார்த்துவிட்டுத்தான் எல்லையை வைத்தேன். அதனால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று.

உங்களுக்கு இயற்பியல் தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஆலையொன்றின் ஆய்வுக்கூடத்தில் நான் கணினிக் கணக்குப் போடுபவன். புகைக்குழாயின் சூட்டை மின்சாரமாக்கும் கலவையைத் தேடிக்கொண்டிருந்தோம். படிகத்துக்குள் எலக்ட்ரான்களின் ஆற்றல்கள் பட்டை பட்டையாக அமையும். மேலே போகப் போகப் பின்னிக்கொள்ளும். வேண்டிய பட்டைகளை மட்டும் வானியர் சார்புகளாக, அணுவைச் சுற்றிய சிறு அலைகளாக, மாற்றிக்கொண்டால் மற்றக் கணக்குகள் எளிது. அதற்கு, ‘இந்த ஆற்றல்வரை உள்ளதை மாறாமல் காப்பேன்’ என்று ஓர் எல்லை வைக்க வேண்டும்.

அந்த எல்லையைச் சற்றே ஏற்றி இறக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். விடை அசையாவிட்டால்தான் நம்பலாம்.

என் விடை அசைந்தது! எல்லை தாழ்வாக இருந்தபோது கலவை அற்புதம், கொஞ்சம் ஏற்றியதும்... வெறும் மண். அற்புதமான வளைகோட்டுப் படத்தை மட்டும் மேலாளரிடம் கொடுத்தேன். மற்றதை யாருக்கும் காட்டவில்லை.

ஏன்? ஓய்வு நாட்களில் கிருஷ்ணகிரிப் பக்கத்து நடுகற்களுக்குக் காலம் குறித்துவருபவன் நான். ஒற்றைச் சான்றை வைத்து ஆண்டு சொல்பவர்களை முகத்துக்கு நேரே கண்டித்தவன். அந்த எனக்கு, கோடு அழகாக இருந்ததே போதுமாக இருந்ததா?

ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலையில் இருந்த ஸ்டெல்லா அந்தக் கலவையைப் பொடித்து, அழுத்தி, உலையில் சுட்டாள். மாதக்கணக்கில். எதிர்பார்த்த மின்னழுத்தம் வரவேயில்லை.

“பொடி அரைக்கிறதுலதான் சார் ஏதோ தப்பு பண்றேன்.”

“கணக்குலகூட இருக்கலாம்மா...”

சிரித்துவிட்டாள். “செத்தவங்க கல்லுக்கே ரெண்டு சாட்சி கேக்குற ஆளு நீங்க. உங்க கணக்காவது, தப்பாவறதாவது!”

அப்போதே சொல்லியிருக்கலாம் அல்லவா?

சென்ற ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, மேலாளர் கூப்பிட்டார். “அந்தப் பொண்ணுக்குக் கைப்பக்குவம் பத்தல போல. காண்ட்ராக்ட்ட நீட்டிக்க வேணாம்னு பாக்குறேன். நீங்க என்னா சொல்றீங்க?”

நான் சொன்னது இதுதான்: “உங்க முடிவு சார்.”

கடைசி நாளன்று ஸ்டெல்லா என் மேசைக்கு வந்தாள். “அந்தப் படத்துல ஒரு காப்பி குடுங்க சார். எங்க தப்பு பண்ணேன்னு வீட்ல வெச்சுப் பாக்கணும்.”

கொடுத்தேன்... அதே படத்தை!

இப்போதும் கைப்பேசியில் அவள் பெயர் ஒளிர்ந்தால் கடைசி மணிவரை விட்டுத்தான் எடுக்கிறேன். கண்டுபிடித்துவிட்டாளா? இல்லை. உலையின் சூட்டைப் பற்றி இன்னொரு சந்தேகம் கேட்கிறாள்.

நானும் பொறுமையாக விளக்கிக்கொண்டிருக்கிறேன்.