மழையிலும் தெளியாத குரல்

ஒச்சம்மா சித்தி ஒரு கூப்பாடு போட்டால், ரப்பர் மரங்களைத் தாண்டி அடுத்த மேட்டில் பால் வெட்டுகிறவர்களுக்கும் கேட்கும். அந்தமானில் பெரார்கஞ்சுக்கு அப்பால் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். விடியுமுன் நெற்றி விளக்கோடு தோட்டத்துக்குள் பிரிந்து போகிறவர்களை அவள் குரல்தான் திரும்பக் கூட்டி வரும்.

அவள் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. எச்சில் விழுங்கும்போது கொட்டைப்பாக்கு போல ஏறி இறங்கும். "பாக்குக்காரி" என்று கேலி செய்வார்கள். போர்ட் பிளேர் டாக்டர் ஸ்கேன் எடுத்து, ஊசியால் குத்திச் சோதித்தார். புற்று இல்லை என்று வந்தது. தைராய்டுக் கட்டி பலருக்கும் உண்டு, பெரும்பாலானவை தீங்கில்லாதவை, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், வருஷா வருஷம் ஸ்கேன் மட்டும் போதும் என்றார். ஆனால் கட்டி வேகமாக வளர்ந்தாலோ, கல்லாக இறுகினாலோ, விழுங்கச் சிரமமானாலோ, குரல் மாறினாலோ காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்றும் சொன்னார்.

சித்தி மறுவருஷம் போனாள். கட்டி அப்படியே இருந்தது. பிறகு பக்கத்து மருத்துவ முகாமில் ரத்தம் பார்த்து நார்மல் என்றார்கள். அதோடு ஸ்கேனுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

மெயின்லேண்டிலும் அதற்கு அப்பாலும் சில வருஷம் அலைந்துவிட்டு நான் திரும்பியபோது ஆடி மழை. சித்தி வீட்டுக்குள் தலையை நீட்டினேன்.

"யாரு, ஊர்சுத்தியா? கப்பலோட கவுந்துட்டேன்னு நெனச்சேன்."

அவள் குரல் உமியை அள்ளிக் கொட்டியது போல இருந்தது.

"தொண்டைக்கு என்னா சித்தி?"

"ஆசிட்டு புள்ள."

சித்தப்பா அழகையா சிரித்தார். "ரப்பர் ஷீட்டுக் கொட்டகையில ஆசிட்டு ஊத்தி பாலை ஒறைய வைக்கிற வேலை. மூணு மாசம் நின்னு பாரு, நீயும் தவளைதான். எங்க எல்லாருக்கும் அந்தக் கொரலுதான்."

"உங்க குரல் நல்லாத்தானே இருக்கு சித்தப்பா?"

"மழையில்ல? பால்வெட்டு இல்ல, கொட்டகை பூட்டிக் கெடக்கு. மழை புடிச்சா எல்லாருக்கும் தெளிஞ்சிரு..."

முடிக்காமல் சித்தியைப் பார்த்தார்.

அடுப்படியிலிருந்து மகள் சுகுணா வந்தாள். "அம்மாவுக்குப் போன மழையிலயே தெளியலப்பா."

"சோடோ, விடுங்க. ரத்தத்துல ஒண்ணுமில்லன்னாங்கல்ல" என்றாள் சித்தி. சொல்லும்போது தேநீர் புரையேறியது.

மறுநாள் நானும் சுகுணாவும் அவளை போர்ட் பிளேருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனோம். டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். கட்டி இறுகியிருந்தது. கழுத்தின் பக்கவாட்டிலும் ஒரு நெறிக்கட்டி தட்டுப்பட்டது. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது குரல்நாண் ஒரு பக்கம் அசையவில்லை. ரத்தச் சோதனை சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மட்டுமே சொல்லும், கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது என்றார். முதல் ஊசியில் நல்லதாக வந்தாலும், அரிதாகப் புற்று அதில் சிக்காமல் தப்பிவிடும். வருஷ ஸ்கேன் அதற்காகத்தான். இந்த முறை ஊசியில் புற்று என்று வந்தது.

சென்னைக்குக் கப்பல் ஏறும்போது சித்தி ஒன்றைத்தான் கேட்டாள். "கொரலு திரும்புமா புள்ள?"

சுகுணா என்னைப் பார்த்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினேன்.

சுரப்பியை முழுக்க எடுத்தார்கள். குரல் நரம்பைக் கட்டி சுற்றி வளைத்திருந்ததால் அதையும் வெட்ட வேண்டியதாயிற்று. நுரையீரலில் புள்ளிகள் இருந்தன. அதற்கு அயோடின் மருந்து கொடுத்தார்கள். இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது. தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க. ஆயுள் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை.

மழை விட்டதும் கொட்டகை திறந்தார்கள். சில வாரம் கழித்து ஒருநாள் சித்தி கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பெண்கள் மறுபடி கரகரக்கத் தொடங்கிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாவம் ஒச்சம்மா. ஆசிட்டுதான் தொண்டையைத் தின்னுருச்சு."

சித்தி வாயைத் திறந்தாள். இல்லை என்று அவள் உதடு சொன்னது பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது. ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் சத்தத்தில் உள்ளே யாருக்கும் கேட்கவில்லை.